கத்திச் சட்டத்தைத் தமிழில் ஒரு தாளில் போடுங்கள், ஐயா

தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும் உள்துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவன். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் குட்டி யானையில் அண்டா, கரண்டி, அரிவாள்மனை, கத்தி மூட்டை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அடுத்த மண்டபத்துக்கு ஓடுவதுதான் எங்கள் பிழைப்பு. வாகனச் சோதனையில் நிறுத்தினால் முதலில் பிரிக்கச் சொல்வது அந்தக் கத்தி மூட்டையைத்தான். பார்க்கட்டும், பார்க்கத்தான் வேண்டும், பேப்பரைத் திறந்தால் தினம் ஒரு வெட்டுக்குத்து. சிக்கல் அதற்கு அப்புறம்தான். ஒரு செக்போஸ்டில் "சமையல்காரங்களா, கிளம்புங்க" என்கிறார்கள். இருபது கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் தேங்காய் உடைக்கிற அரிவாளைக் கையில் எடுத்து, விளிம்பில் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கூர் எதுக்குய்யா?" என்கிறார். மொட்டைக் கத்தியை வைத்துக்கொண்டு மூட்டை மூட்டையாக வெங்காயம் நறுக்க முடியாது என்று அந்த நேரத்தில் யாரிடம் சொல்வது? ஒரு தடவை இரண்டு கத்தியை எடுத்து வைத்துக்கொண்டார்கள். வழக்கும் இல்லை, எழுதிக் கொடுத்த சீட்டும் இல்லை, கத்தியும் திரும்பி வரவில்லை.

சரி, சட்டம் என்னதான் சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், தாக்கவோ தற்காக்கவோ என்று செய்யப்பட்ட கூர்முனைப் பொருளை ஆயுதம் என்கிறது, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்ததை விட்டுவிடுகிறது. 2016 ஆயுத விதிகளின் பட்டியலில் வாள், பிச்சுவா, ஈட்டியோடு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளும் வருகின்றன, ஆனால் வீடு, விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்கென்று செய்தவை அதில் சேராது. அப்படிப் பார்த்தால் என்னுடைய 10 அங்குலக் கத்தி அளவில் தாண்டினாலும் சமையலுக்கென்று செய்ததால் வெளியே நிற்கிறது. டெல்லியில் கதை தலைகீழ். அங்கே 1980-இல் போட்ட அறிவிக்கைப்படி 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் இருந்தாலே பட்டன் கத்தியை (பட்டனை அழுத்தினால் விரிவது) உரிமம் இல்லாமல் பொது இடத்தில் எடுத்துப்போனால் வழக்கு. பிடிபட்ட கத்தியை வெள்ளைத் தாளில் வைத்துச் சுற்றிலும் கோடு போட்டு, அலகு இவ்வளவு, பிடி இவ்வளவு என்று எழுதி வழக்குக் கட்டில் சேர்ப்பார்கள். நமக்கு இங்கே கட்டைவிரல்தான் அளவுகோல்!

இந்த மாதிரி அறிவிக்கையைப் பகுதி வாரியாகப் போட ஆயுதச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் எந்தப் பகுதிக்கு எந்த அறிவிக்கை நடப்பில் இருக்கிறது, என்ன அளவு, என்ன வகை, இதைத் தமிழில் எழுதி ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் ஒட்டுவதற்கு என்ன தடை? அரிவாளோடு ரீல்ஸ் போட்ட பையன்களைப் பிடித்தால் அன்றைக்கே படத்தோடு செய்தி வந்துவிடுகிறது. அந்த வேகத்தில் பாதி போதும்.

பட்டறைக்காரர்கள் பாடு எங்களை விட மோசம். 2021 செப்டம்பரில் மாநிலம் முழுக்க ரௌடிகளைத் தேடிப் பிடித்தபோது, அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு, அரிவாள் வாங்குகிறவர் பெயரையும் முகவரியையும் பட்டறைகளில் எழுதி வைக்கச் சொன்னார், கேமராவும் வைக்கச் சொன்னார். நோக்கத்தில் தப்பு சொல்லவில்லை. ஆனால் ஆயுதம் என்று விதிகள் வகுத்ததைச் செய்யவும் விற்கவும் ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். எந்த அரிவாள் வரை விவசாயம், எதிலிருந்து ஆயுதம் என்று உலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவருக்கு யார் சொல்வது? திருப்பாச்சேத்தி அரிவாள் ஊரறிந்த சரக்கு. அதில் கருதறுக்கிறதும் உண்டு, கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டு ஆள் உயரத்துக்கு அடிக்கச் சொல்வதும் உண்டு. சாமி அரிவாள் வீட்டுச் சாமானும் இல்லை, விவசாயக் கருவியும் இல்லை, யாரையும் வெட்டச் செய்ததும் இல்லை. அதை வேனில் கோயிலுக்கு எடுத்துப் போகிற குடும்பம் வழியில் என்ன பதில் சொல்ல வேண்டும்? சீக்கியர்கள் கிர்பான் என்ற கத்தியை அணிவதும் எடுத்துச் செல்வதும் அவர்கள் மதத்தில் அடக்கம் என்று அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவே விளக்கம் எழுதி வைத்திருக்கிறது. கருப்பருக்கு அவ்வளவு வேண்டாம், உங்கள் சுற்றறிக்கையில் ஒரு வரி வந்தால் போதும்.

அப்புறம் பறிமுதல். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் வீடியோவில் பதியச் சொல்கிறது, பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குவதும் அதில் அடக்கம். கத்தியை எடுப்பதென்றால் அப்படி எடுங்கள், பட்டியலில் ஒரு நகல் எங்களுக்கும் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் மண்டபத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள், முகூர்த்தப் பத்திரிகையை நாங்களே நீட்டுகிறோம். காய்கறி மூட்டையும் அண்டாவும் ஏற்றிய வண்டியில் இருக்கிற கத்தியும், நம்பர் பிளேட் இல்லாத பைக்கில் சீட்டுக்கு அடியில் சொருகியிருக்கிற கத்தியும் ஒன்றில்லை என்று ராத்திரி ரோட்டில் நிற்கிற காவலருக்கு எங்களை விட நன்றாகவே தெரியும். அவர் தைரியமாக "போ" என்று சொல்ல அவர் கையிலும் எழுத்தில் ஒன்று இருக்க வேண்டும்.

தை பிறந்தால் முகூர்த்தம் வரிசையாக வருகிறது. அதற்கு முன்னால் அந்தத் தாள் வந்தால் வண்டியின் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு சமையல் காண்ட்ராக்டர்