அனுமன் தீயைத் தாண்டும் வரையாவது இருங்கள்

பாலித் தீவுக்குத் தமிழ்ப் பயணிகளை அழைத்துச் செல்லும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஆண்டு உங்களில் ஒருவருடைய குழுவில் பாலிக்குப் போய்வந்தேன். பெயர் வேண்டாம், இந்தக் குறை ஒரு நிறுவனத்தோடு நின்றுவிடுவதில்லை. உலுவாத்துக் கோயிலருகே, கடலைப் பார்த்த பாறை முகட்டு அரங்கில் கெச்சாக் என்னும் ராமாயண ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இசைக்கருவி ஒன்றும் கிடையாது. கட்டம் போட்ட துணியை இடுப்பில் சுற்றிய ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து 'சக் சக்' என்று எழுப்பும் குரல்தான் தாளம். வானரப் படையும் அவர்களே. ஒரு சாரார் விட்ட இடைவெளியில் இன்னொரு சாராரின் குரல் வந்து விழும். தனியாகக் கேட்டால் ஒன்றுமில்லை, சேர்ந்தால் மலையே அதிர்வது போல இருக்கும். இருட்டிய பிறகு அனுமனைச் சுற்றித் தீ மூட்ட ஆயத்தமானார்கள். அப்போது வழிகாட்டி வந்து தோளைத் தொட்டார். "கிளம்பலாம். கூட்டம் கலைந்தால் பஸ் வெளியே வராது. ஜிம்பரானில் சாப்பாடு சொல்லியிருக்கிறோம்."

முப்பது பேரும் எழுந்தோம். சுந்தர காண்டம் கேட்டு வளர்ந்தவர்கள், அனுமன் தீயை எற்றித் தள்ளுவதைப் பார்க்காமல் பஸ் ஏறினோம். ஆடுகிறவர்களுக்கு முன்னால் குனிந்தபடி வரிசையாக வெளியேறியதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

பயணிகளால் பாலியின் கலையே கெட்டுவிட்டது என்று சொல்ல நான் வரவில்லை. கெச்சாக்கே 1930-களில், சங்யாங் என்னும் அருள் வந்து ஆடும் சடங்கின் ஆண் குரலிசையிலிருந்து, வெளியார் பார்ப்பதற்காகவும் உருவெடுத்ததுதான். டிக்கெட் பணம் பல ஊர்களில் பாஞ்சார் எனப்படும் ஊர்ச் சமூகத்துக்கும் கோயில் காரியங்களுக்கும் போகிறது. பார்க்க வருகிறவர்கள் வேண்டும். அவர்களுக்கு நேரமும் வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

லெகோங் என்னும் நடனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லாசெம் மன்னன் ரங்கேசரி என்ற இளவரசியைக் கவர்ந்து சென்று, அவள் மனம் இணங்காதிருக்க, தீய சகுனத்தை மீறிப் போருக்குப் புறப்படுகிற கதை. மூன்று சிறுமியர் ஆடுவார்கள். உடை மாற்றாமல், வேடம் கலைக்காமல், ஒருத்தியே மன்னனாகவும் இன்னொருத்தி இளவரசியாகவும் மாறிவிடுவார்கள். முழுதாக ஆடினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பயணிகள் மேடையில் பெரும்பாலும் அதில் கால் பங்குதான் ஆடப்படுகிறது. சுருக்கியவர்கள் கலைஞர்கள் என்றாலும், சுருக்க வைத்தது உங்களுடைய, எங்களுடைய கைக்கடிகாரம்.

அந்தச் சுருக்கத்தில் எது போகிறது என்று எனக்கு உபுட் அருகே ஒரு நடனப் பள்ளியில் புரிந்தது. குழுவை விட்டு ஒரு பிற்பகல் தனியே போயிருந்தேன். எட்டு வயதிருக்கும் ஒரு சிறுமி. ஆசிரியை அவளுக்கு எதிரே நிற்கவில்லை. பின்னால் நின்று இரு மணிக்கட்டுகளையும் பிடித்துக்கொண்டார். முழங்கையை உயர்த்தினார், தன் முட்டியால் அவள் முட்டியைத் தள்ளி மடக்கினார், கமெலான் என்னும் வாத்தியக் குழுவின் இசையை வாயாலேயே பாடினார். அகெம் என்னும் அடிப்படை நிலை அந்த உடம்பில் ஊறும் வரை விடவில்லை. செலெடெட் என்று விழியைச் சட்டென்று பக்கவாட்டில் வெட்டித் திருப்பும் அசைவு ஒன்றைப் பத்துப் பதினைந்து முறை செய்ய வைத்தார். சிறுமிக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. புத்தகம் இல்லை, குறிப்பேடு இல்லை. ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்கு அப்படியே ஏற்றுகிறார்கள். மேடையில் பதினைந்து நிமிடம்தான் தேவை என்றால், மீதியை எந்தப் பிள்ளைக்கு ஏற்றுவார்கள்?

பாலி மக்கள் இதைப் பற்றி நமக்கு முன்பே கவலைப்பட்டவர்கள். 1971-லேயே டென்பசாரில் கூடி, கோயில் உள்முற்றத்துக்குரிய வாலி, சடங்கோடு சேர்ந்த பெபாலி, எல்லாரும் பார்க்கத்தக்க பாலிஹ்-பாலிஹான் என்று வகைப்படுத்திக்கொண்டார்கள். 2015-ல் யுனெஸ்கோ இந்த மூன்று வகைகளையும் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கோயிலில் ஆடுவதற்கு அவர்கள் சொல்லும் பெயர் ஙாயா, கூலியில்லாத் தொண்டு. நமக்கு முன்னால் காசுக்கு ஆடிய பெண் கோயில் விழாவில் காசில்லாமல் ஆடுவாள். ஆகவே விழா நடக்கும் கோயிலுக்குள் பஸ் கொள்ளும் கூட்டத்தை இறக்காதீர்கள். நமக்கென்று அவர்கள் திறந்துவைத்த அரங்குகளே போதும்.

2024 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணியும் பண்பாட்டையும் இயற்கையையும் காக்க என்று 1,50,000 ரூப்பியா கட்டுகிறோம். அதைக் கட்டிவிட்டுப் பாதியில் எழுந்துபோவது என்ன நியாயம்? உபுட்டிலோ பெலியாத்தானிலோ ஒரு மாலையை ஆட்டத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். அன்று இரவு உணவை முன்னதாகவே முடித்துவிடுங்கள். போகும் வழியில் பஸ்ஸில் கதையைத் தமிழில் சொல்லுங்கள். பழம்பெரும் கம்பூ நாடகம் பாத்துவான் கிராமத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஓர் ஆள் கை நீளத்துக்கு மேலான புல்லாங்குழல்கள் அதற்கு. நிகழ்ச்சி இருக்கும் நாளாகப் பார்த்து அங்கேயும் அழைத்துப் போங்கள். ஆர்வமுள்ளவர்கள் நாலு பேர்தான் வருவார்கள் என்றாலும் அந்த நாலு பேருக்காக ஒரு வேன் ஏற்பாடு செய்யுங்கள்.

என் அக்கா குடும்பம் டிசம்பரில் போக இருக்கிறது. உங்களில் ஒருவரிடம்தான் பதிவு செய்வார்கள். அவர்களுக்குத் தரும் நிரலில், கெச்சாக் என்று எழுதி அதற்கு எதிரே 'முடியும் வரை' என்று போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பாதியில் எழுந்து வந்த முப்பது பேரில் ஒருத்தி