கம்பளிப் பை யாருக்கு வந்தது?

கண்ணம்மாவுக்கு,

நேற்று போனில் நீ அழவில்லை, ஆனால் குரல் கம்மியிருந்தது. "என் டீம்ல ஒருத்தருக்கும் என்மேல விசுவாசம் இல்லம்மா. வேலை தப்பிப்போனதை மூணு நாள் மறைச்சிருக்காங்க" என்றாய். அப்போது சமாதானம் சொல்லத்தான் முடிந்தது. ராத்திரி யோசித்ததை இப்போது எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் நான் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன். மேலிடத்துக் கூட்டத்தில் யார் செய்தது என்று கேட்டார்கள். என் மேலாளர், "நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டது, என் பொறுப்பு" என்று முடித்துவிட்டார். பிறகு தன் அறையில் உட்காரவைத்து, எந்த வரியில் பிசகியது என்று ஒரு மணி நேரம் காட்டினார். கடுமையாகத்தான் பேசினார். ஆனால் அதற்கப்புறம் என் கையில் எது தவறினாலும் முதலில் ஓடிப்போய்ச் சொன்னது அவரிடம்தான்.

சின்ன வயதில், அண்டார்டிகாவுக்குப் பயணக் குழுவோடு போன தலைவர் ஷாக்கிள்டனின் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பாயே, நினைவிருக்கிறதா? 1915 அக்டோபரில் அண்டார்டிகாவின் பனிக்கடலில் அவருடைய எண்டியூரன்ஸ் கப்பல் நொறுங்க, 28 பேரும் பனிமேல் இறங்கினார்கள். ரோமத்தோல் உறக்கப் பைகள் 18தான் இருந்தன. மீதி கம்பளி, அந்தக் குளிருக்கு அவ்வளவாகத் தாங்காது. சீட்டுக் குலுக்கினார்கள். ஷாக்கிள்டனுக்கும் பெரும்பாலான அதிகாரிகளுக்கும் கம்பளிதான் வந்தது. குலுக்கலில் ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கிறது என்று மாலுமிகளுக்குப் புரிந்துவிட்டது. பின்னால் ஷாக்கிள்டன் 22 பேரை எலிஃபண்ட் தீவில் விட்டுவிட்டு, ஐந்து பேரோடு சின்னப் படகில் உதவி தேடிப் போனார். தீவில் பொறுப்பாக இருந்த ஃபிராங்க் வைல்ட், இன்றைக்குத் தலைவர் வரலாம் என்று சொல்லிப் படுக்கைகளைச் சுருட்டிவைக்கச் சொல்வாராம். மூன்று முயற்சி தோற்று, நான்காவதில், 1916 ஆகஸ்ட் 30 அன்று, ஷாக்கிள்டன் வந்துவிட்டார். 22 பேரும் உயிரோடு இருந்தார்கள்.

ஆனால் ஒன்று எனக்கு இன்றும் உறுத்துகிறது. கப்பலின் தச்சர் மெக்நிஷ் பனிமேல் ஒருமுறை ஷாக்கிள்டனை எதிர்த்து நின்றவர். அந்தச் சின்னப் படகின் பக்கங்களை உயர்த்தி, பெருங்கடலைத் தாங்கும்படி செய்ததும் அதே மெக்நிஷ்தான். ஊர் திரும்பியபின் அவருக்குத் துருவப் பதக்கம் கொடுக்க ஷாக்கிள்டன் பரிந்துரைக்கவில்லை. எதிர்த்துப் பேசியதை அவர் துரோகமாக எடுத்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன். அவ்வளவு பெரிய மனிதர் அங்கே சறுக்கினார். நீ சறுக்காதே.

உன் டீமில் இருப்பவர்கள் பயந்துதான் மறைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு பையனின் தவறைப் பெயர் போட்டு எல்லோருக்கும் மெயில் அனுப்பியதாக நீயே சொன்னாய். அவனோடு சேர்த்து மற்றவர்களும்தானே அதைப் படித்தார்கள்?

திங்கட்கிழமை முதல் வேலையாக அவனிடம் மன்னிப்புக் கேள். தனியாக வேண்டாம், எல்லோர் முன்னாலும் கேள். மெயில் எல்லோருக்கும்தானே போனது. சரி, அப்புறம் எனக்குப் போன் செய். எந்நேரமானாலும் எடுப்பேன்.

அம்மா