டீசல் சிந்திய மண்

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். மோட்டார் கொட்டகை ஓரம் டீசல் கேன் கவிழ்ந்ததைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. "அந்த மண் செத்துப்போச்சா?" என்று கேட்டிருந்தாய். சாகவில்லை வசந்தி.

டீசலில் பென்சீன் வளையம் உள்ள சேர்மங்கள் கணிசமாக உண்டு. ஆறு கார்பன்கள் கைகோத்து நிற்கும் அந்த வளையம் லேசில் உடையாது. மண்ணில் வாழும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதற்கு முதலில் கைக்காசைப் போடுகின்றன. சேர்த்து வைத்த ஆற்றலில் கொஞ்சம் செலவழித்து, ஓர் ஆக்சிஜன் மூலக்கூறின் இரண்டு அணுக்களையும் வளையத்தின் அடுத்தடுத்த கார்பன்களில் பொருத்துகின்றன. இப்படிக் கேட்டகால் என்ற சேர்மம் கிடைக்கும். அதை இன்னொரு ஆக்சிஜன் மூலக்கூறால் வெட்டினால் வளையம் திறந்துகொள்ளும். அதுவரை லாபம் ஒன்றுமில்லை. பிறகு அது துண்டு துண்டாகி, நாம் தின்ற சோறு நம் செல்லுக்குள் போய்ச் சேரும் அதே சிட்ரிக் அமிலச் சுழற்சிக்குள், அதாவது உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் வினைத்தொடருக்குள், போகும். போட்ட காசு பல மடங்காய்த் திரும்பும்.

கேட்டகாலை வெட்டும் அந்த ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து வரவில்லை, காற்றிலிருந்து நேரே சேருகிறது என்று 1955இல் ஆக்சிஜன்-18 என்ற எடை கூடிய ஆக்சிஜனை அடையாளமாக வைத்துக் காட்டியவர் ஜப்பானைச் சேர்ந்த ஒசாமு ஹயாய்ஷி. எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

போன மாதம் மாணவிகளுக்கு ஒன்று காட்டினேன். தட்டில் குண்டூசித் தலை அளவில் வெள்ளை வெள்ளையாகப் பாக்டீரியாக் கூட்டங்கள். மேலே கேட்டகால் கரைசலை லேசாகத் தெளித்தோம். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு புள்ளியும் எலுமிச்சம்பழத் தோல் போல மஞ்சளாகிவிட்டது. வளையம் திறந்ததன் நிறம் அது. எல்லா வகையும் இப்படி நிறம் காட்டாது. வளையத்தை வேறு இடத்தில் வெட்டுபவை வெள்ளையாகவே இருக்கும். எட்டாம் வகுப்பில் லிட்மஸ் தாள் சிவந்தபோது நீ கத்தினாயே, அதே கத்தல் வகுப்பில் கேட்டது.

அதனால் அந்த இடத்தைக் கொத்திக் கிளறிவிடு. காற்று போகாமல் இறுகிக் கிடந்தால் வேலை மிக மெதுவாகத்தான் நடக்கும். ஈரம் காயாமல் பார்த்துக்கொள், சேறாக்கிவிடாதே. டீசலில் கார்பன் நிறைய, தழைச்சத்து இல்லை. ஒரு கைப்பிடி யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளி. வெல்லத் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டாய். வேண்டாம். சுலபமான தீனி கிடைத்தால் பல பாக்டீரியாக்கள் அதைத்தான் முதலில் தின்னும், வளையம் அப்படியே கிடக்கும்.

எல்லாம் ஒரு போகத்தில் சரியாகிவிடும் என்று சொல்லமாட்டேன். நாலைந்து வளையங்கள் ஒட்டியிருக்கும் சேர்மங்கள் வருஷக்கணக்கில் கிடக்கும். அங்கே இப்போதைக்குக் கீரை போடாதே. கிணறு பக்கத்திலிருப்பதால் தண்ணீரைக் கட்டாயம் பரிசோதனைக்குக் கொடு.

கறையின் ஓரத்து மண்ணில் ஒரு பிடி எனக்கு எடுத்து வை. டீசலைத் தின்னப் பழகியவை அங்கேதான் பெருகியிருக்கும். பொங்கலுக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
தமயந்தி