குவைட் என்றால் கம்முனு இருப்பதா?

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே பாலாறு வழக்கம்போல மணல்தான். போன மாதம் நான் ஒரு அசட்டுத்தனம் செய்தேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வைத்தியத்துக்கு வந்த ஒரு வங்காளிக் குடும்பத்துக்கு மாடிப் போர்ஷனைப் பதினோரு மாத அக்ரிமென்டில் விட்டிருக்கிறோம். வக்கீல் இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுத்தார். அதில் ‘குவைட் என்ஜாய்மென்ட்’ (quiet enjoyment) என்று ஒரு வரி. சத்தம் போடாமல் குடியிருக்க வேண்டும் என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அந்த அம்மாள் தினமும் சாயங்காலம் ஆர்மோனியம் வைத்துப் பாடுவார். ஒருநாள் அக்ரிமென்டும் கையுமாக மாடியேறி, கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்று கேட்டுவிட்டேன். அவர் கணவர் பொறுமையாகப் படித்துப் பார்த்து, “சார், இந்த வரி உங்களுக்குப் போட்டது” என்றார்.

வக்கீலும் சிரித்தார். வாடகை ஒழுங்காக வருகிறவரை வீட்டுக்காரன் குடித்தனக்காரரைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். 1882-ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 108-ஆம் பிரிவிலேயே இருக்கிறதாம். நம் பழைய பத்திரங்களில் ‘ஆண்டு அனுபவித்துக்கொள்ள’ என்று வருமே, அந்த என்ஜாய்மென்ட்!

அப்புறம் அகராதியை எடுத்து உட்கார்ந்தேன். குவைட் லத்தீனிலிருந்து வந்தது. ஓய்வு, இளைப்பாறுதல்தான் அதன் வேர்ப்பொருள். வேலையை விடும் ‘க்விட்’, கேஸிலிருந்து விடுவிக்கும் ‘அக்விட்’ எல்லாம் அந்த வேரில் வந்தவை. இன்னொன்று கேள்: ‘கீப் குவைட்’ என்று போர்டில் எழுதச் சொன்னால் கடைசி இரண்டு எழுத்தை இடம் மாற்றி ‘Keep quite’ என்று எழுதி நீ பிரம்படி வாங்கினாயே, அந்த ‘க்வைட்’டும் (quite) இதற்குச் சொந்தக்காரன்தான். ஐம்பது வருஷம் கழித்து உனக்கு அப்பீலில் விடுதலை.

நம் ‘அமைதி’யும் அப்படித்தானே? அமைதல் என்றால் பொருந்தி நிற்பது. இலக்கணத் தவறையும் பொருத்தம் பார்த்து ஏற்றுக்கொள்வதை வழுவமைதி என்று தமிழய்யா நடத்தியதில் சத்தம் எங்கே வந்தது? ‘கம்முனு கெட’ என்று நம் பக்கத்தில் அதட்டுகிறோமே, அது சைலன்ட். அதைச் சொல்லி வாயை மூட வைக்கலாம். அமைதியை வரவழைக்க முடியாது.

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் சிவன் கோயில் ஞாபகம் இருக்கிறதா? சாமி இல்லாத அந்த நாளில் மணியும் கிடையாது, ஆளும் கிடையாது, வௌவால் வாடைதான். கல்யாண மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே நின்றால் உனக்குப் பயமாக இருக்கும், ஆரணிக்குப் பஸ் ஏறலாம் என்பாய். 1981-இல் எங்கள் ஊரிலிருந்து லிங்கத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள். இப்போது பிரதோஷத்தன்று மேளமும் கூட்டமும் காதைத் துளைக்கும். ஆனாலும் அங்கே போய் உட்கார்ந்தால்தான் எனக்கு மனசு அடங்குகிறது. அன்றைக்கு இருந்தது சைலன்ட், இன்றைக்கு இருப்பது குவைட் என்று எனக்குப் படுகிறது. உன் இங்கிலீஷ் என்ன சொல்கிறது?

1989-இல் ஜில்லாவைப் பிரித்து உன்னை அந்தப் பக்கம் தள்ளியதிலிருந்து நீ இங்கே வருவதே குறைந்துபோச்சு. முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு வைக்கச் சொல்கிறேன், வா. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இருக்கிற மாதிரி வா. இப்போதெல்லாம் நானே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்