உருண்டைக்கு அடுத்த பாடமாக உணவை வையுங்கள்

டிஜிட்டல் ஓவியம் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கும், அதற்குப் பாடத்திட்டம் எழுதுபவர்களுக்கும் வணக்கம்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உணவு வரைவதை அடிப்படைப் பாடத்துக்குள் கொண்டுவாருங்கள். உருண்டை, கனசதுரம், உருளை என்று ஒளி நிழல் பழக்கிய கையோடு, அடுத்த வகுப்பிலேயே ஒரு திராட்சையை மேசையில் வைத்து வரையச் சொல்லுங்கள். நான் பார்த்த பாடத்திட்டங்களில் உணவு கடைசியில்தான் வருகிறது. உடற்கூறு முடிந்து, பெர்ஸ்பெக்டிவ் முடிந்து, துணி மடிப்பும் உலோகமும் முடிந்த பிறகு, நேரம் மிஞ்சினால் ஒரு விருப்பப் பாடம். சிலவற்றில் அதுவும் இல்லை.

எனக்குத் தொழிலே உணவுப் படம் வரைவதுதான். இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் தங்கள் படங்களைக் காட்டிக் கருத்துக் கேட்பார்கள். ஸ்டைலஸ் (டிஜிட்டல் பேனா) பிடிப்பதில் குறை சொல்ல முடியாது. வடிவம் சரியாக இருக்கும், லேயர்களை (படத்தின் தனித்தனி அடுக்குகளை) பெயரிட்டு ஒழுங்காக அடுக்கியிருப்பார்கள். ஆனால் தட்டில் இருப்பது பிளாஸ்டிக். பார்த்தால் பசிக்காது. இதற்கு வகுப்பில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால், வருகிற பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: ஹைலைட்டை (பளிச்சிடும் வெளிச்சப் புள்ளியை) கூட்டு, சாச்சுரேஷனை (நிறச் செறிவை) ஏற்று. இரண்டையும் செய்தால் பிளாஸ்டிக் இன்னும் பளபளப்பான பிளாஸ்டிக் ஆகிறது, அவ்வளவுதான்.

இதில் மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கற்றுக்கொடுத்ததை அவர்கள் சரியாகவே செய்கிறார்கள். வகுப்பில் காட்டுவது சுண்ணாம்பு உருண்டை. ஒளி அதன் மேல் பட்டு, பட்ட இடத்திலேயே சிதறித் திரும்பிவிடுகிறது. ஒளி படும் பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு, நடுவில் ஒரு மாற்றம் என்று கணக்கு எளிது. உணவில் அந்தக் கணக்கு செல்லாது. பழச்சதை, இறைச்சி, பாலாடைக்கட்டி, வெந்த மாவு எல்லாவற்றிலும் ஒளி உள்ளே புகுந்து, கொஞ்சதூரம் அலைந்து, அந்தப் பொருளின் நிறத்தை வாங்கிக்கொண்டு வேறோர் இடத்தில் வெளியே வருகிறது. முப்பரிமாண வரைகலையில் இருப்பவர்கள் இதைச் சப்சர்ஃபேஸ் ஸ்கேட்டரிங் என்பார்கள். 2001-இல் ஹென்ரிக் வான் யென்சன், ஸ்டீவ் மார்ஷ்னர், மார்க் லெவாய், பாட் ஹன்ரஹான் ஆகிய நால்வர் இதைக் கணினியில் கணக்கிட ஒரு நடைமுறை வழியை வெளியிட்டார்கள். அதற்காக அவர்கள் அளந்து பட்டியலிட்ட பொருள்களில் பளிங்கும் மனிதத் தோலும் உண்டு. ஆனால் பாதிக்கு மேல் சாப்பாட்டுப் பொருள்: ஆப்பிள், உருளைக்கிழங்கு, கோழியிறைச்சி, கிரீம், கெச்சப், கொழுப்பு நீக்கிய பால், நீக்காத பால். ஒளி ஒரு பொருளுக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள அவர்களே சமையலறைக்குத்தான் போயிருக்கிறார்கள்.

பச்சைத் திராட்சை ஒன்றை ஜன்னல் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜன்னல் இடப்பக்கம் என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கத் தோளில் ஒரு சின்ன ஹைலைட் இருக்கும். அதற்கு நேர் எதிரே, வலப்பக்கம் கீழே, நிழல் விழ வேண்டும் என்று உருண்டைப் பாடம் சொல்லும் அதே இடத்தில், பழம் உள்ளிருந்து மஞ்சள்பச்சையாக ஒளிரும். மேசையில் விழுந்த நிழலுக்கு நடுவிலும் அந்த நிறத்தில் ஒரு வெளிச்சத் திட்டு தெரியும். அப்புறம் தோல். அதன் மேல் ஒரு மெல்லிய மெழுகுப் படலம், சாம்பல் பூத்தாற்போல் மங்கலாக இருக்கும். விரல் பட்ட இடத்தில் மட்டும் அது துடைபட்டு, தோல் ஆழ்ந்த நிறத்தில் மின்னும். மங்கல், மினுக்கம், உள்ளொளி மூன்றும் ஒரே பழத்தில், ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள். இதை ஒருமுறை பார்த்து வரைந்தவருக்கு மனிதக் காது மடலில் ஒளி ஊடுருவிச் சிவப்பதை வரைய யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு பயிற்சி முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையில் முடித்துவிட்டு, மேலே கலர் லேயரோ ஓவர்லே லேயரோ (அடியில் உள்ள ஒளி நிழல் தெரியும்படி நிறம் சேர்க்கும் அடுக்குகள்) போட்டு நிறமேற்றும் முறை. பாறைக்கும் கவசத்துக்கும் அது நன்றாகவே வேலை செய்யும். உணவுக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சதைக்குள் போய்த் திரும்பும் ஒளியில் வெளிச்சமும் நிறமும் சேர்ந்தே மாறுகின்றன. ஆரஞ்சுச் சுளையின் தடித்த நடுப்பகுதி செம்மஞ்சளாகவும் மெலிந்த ஓரம் வெளிர்மஞ்சளாகவும் இருப்பது வெறும் வெளிச்ச வித்தியாசம் அல்ல. கறுப்பு வெள்ளை மேல் ஒற்றை நிறத்தை விரித்தால் சுளை முழுவதும் ஒரே சாயம் பூசியதுபோல் ஆகிவிடும். நிழலைச் சாம்பல் நிற மல்டிப்ளை லேயரில் (அடியில் உள்ளதை இருட்டாக்கும் அடுக்கில்) போடும் பழக்கமும் அப்படியே. வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் எல்லையில் உணவின் நிறம் செறிவடைகிறது. சாம்பல் அங்கே அழுக்காகத் தெரியும், அழுக்காகத் தெரிவதை யாரும் சாப்பிட நினைக்க மாட்டார்கள். மல்டிப்ளைதான் வேண்டும் என்றால் வெதுவெதுப்பான நிறத்தை எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நார்மல் லேயரிலேயே நிழலின் நிறத்தைத் தேர்ந்து வரையட்டும்.

சரி, ஹைலைட்டுக்கு வருவோம். ஹைலைட் என்பது ஈரத்தைப் பற்றிய செய்தி. எங்கே ஈரம், அது தண்ணீரா எண்ணெயா, எங்கே காய்ந்திருக்கிறது என்பதைத்தான் கண் அதிலிருந்து படிக்கிறது. தண்ணீரை நேராகப் பார்க்கும்போது அதன் பரப்பு திருப்பியனுப்புவது சுமார் 2 சதவீத ஒளியை மட்டுமே. எண்ணெய்ப் பரப்பு 4 சதவீதத்தை நெருங்கும். சாய்ந்த கோணத்தில் பார்க்கப் பார்க்க அந்த அளவு ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் ஈரமான உணவின் விளிம்பில் சுற்றுப்புறம் அதிகமாகப் பிரதிபலிக்கிறது. அந்தப் பிரதிபலிப்பு பொருளின் நிறத்தில் இருக்காது, விளக்கின் நிறத்தில் இருக்கும். மாணவர்கள் பொருளின் நிறத்தையே வெளுக்கவைத்து ஹைலைட் என்று வைக்கிறார்கள். பரப்பு ஈரமாகத் தெரியாமல் போவதற்கு முக்கியமான காரணம் அது. இன்னொன்று, நுண்துளைகள் உள்ள பொருள் நனைந்தால் கறுத்து, நிறமும் அடர்கிறது. சாறில் தோய்ந்த ரொட்டித் துண்டை ஈரமாகக் காட்டுவதில் பாதி வேலையை அந்தக் கருப்பே செய்துவிடும். வெள்ளைப் புள்ளிகளுக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

பொரித்த முட்டை ஒன்று போதும், இதை எல்லாம் காட்டிவிடலாம். மஞ்சள் கருவின் மேல் ஜன்னலின் வடிவம், பகல் வெளிச்சம் என்றால் லேசான நீல வெண்மையில், கூர்மையான விளிம்போடு தெரியும். பக்கத்திலேயே வெள்ளைக் கரு. அதன் பரப்பு மேடு பள்ளமாக இருப்பதால் அங்கே ஹைலைட் உடைந்து சிதறிவிடும். மஞ்சள் கருவை ஒட்டிய வெள்ளையில் மஞ்சள் ஏறியிருக்கும். மெலிந்த இடத்தில் கீழே இருக்கும் சட்டியின் நிறம் ஊடுருவித் தெரியும். ஓரத்தில் பழுப்பு மொறுமொறுப்பு, அதில் எண்ணெய்க் குமிழிகள் வெடித்த சிறு ஓட்டைகள், ஒவ்வோர் ஓட்டையைச் சுற்றியும் அடர்ந்த ஒரு வளையம். வெள்ளைக் கரு என்று பெயர்தானே தவிர, கலர் பிக்கரில் சுத்த வெள்ளை எடுத்து வைக்க அதில் இடமே கிடையாது.

பழுப்பைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பசியைத் தூண்டுவதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. வாட்டிய, சுட்ட, பொரித்த உணவின் நிறத்துக்கு முக்கிய காரணம் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சேர்ந்து நடத்தும் வினை. 1912-இல் அதை விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார். சுமார் 140 டிகிரி செல்சியஸ் தாண்டும்போது அது வேகம் பிடிக்கிறது. தண்ணீர் கொதிப்பதோ 100 டிகிரியில். ஆக, பரப்பில் ஈரம் இருக்கும்வரை சூடு அந்த அளவுக்கு ஏறாது, ஈரம் வற்றிய இடம்தான் முதலில் பழுப்பாகும். ஓவியருக்கு இது நேரடியாக உதவும் தகவல். மேடுகள், ஓரங்கள், சட்டியைத் தொட்ட முனைகள் பழுப்பாகும், குழிகள் வெளுத்தே இருக்கும். ரொட்டி முழுவதும் ஒரே பழுப்பை ஏர்பிரஷ்ஷால் அடித்தால் அது அட்டைபோல் இருப்பதற்கு இதுதான் காரணம். அடுப்பில் நடந்த கதை அதில் இல்லை. அப்புறம், பழுப்பு என்பது இருண்ட செம்மஞ்சள்தான். எனவே கறுப்பைக் கலந்து பழுப்பை ஆழமாக்காமல், சிவப்பின் பக்கம் நகர்த்திக்கொண்டே இருட்டாக்கச் சொல்லுங்கள். மென்பொருள் செய்யும் ஒரு வேலையையும் எச்சரியுங்கள். போட்டோஷாப்பின் இயல்பான அமைப்பில் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே மென்மையான பிரஷ்ஷால் குழைத்தால் இடையில் சேற்று நிறத்தில் ஒரு பட்டை விழும். நடுநிறத்தைக் கையால் எடுத்து வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

நிறத்தைப் பார்த்து எடுக்கப் பழக்குவது எளிதல்ல என்று எனக்கும் தெரியும். மனம் குறுக்கே வருகிறது. 2006-இல் வந்த ஓர் ஆய்வில் உளவியலாளர் கெகென்ஃபுர்ட்னரும் அவருடன் இருந்தவர்களும், திரையில் இருந்த வாழைப்பழப் படத்தைச் சாம்பல் நிறமாக மாற்றும்படி பங்கேற்றவர்களிடம் கேட்டார்கள். அவர்கள் சாம்பலைத் தாண்டி லேசான நீலத்துக்குப் போய்விட்டார்கள். உண்மையான சாம்பலில் இருந்த வாழைப்பழம் அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் மஞ்சளாகவே தெரிந்திருக்கிறது. மாணவர் தக்காளிக்குச் சுத்தச் சிவப்பை எடுப்பதும் இதே பழக்கத்தால்தான். சாச்சுரேஷனை ஏற்று என்று நாம் சொல்லும்போது அந்தப் பழக்கத்துக்குத் துணைபோகிறோம்.

ரெஃபரன்ஸ் புகைப்படங்களை மட்டும் நம்பவும் விடாதீர்கள். விளம்பரப் படப்பிடிப்பில் தட்டில் இருப்பது எல்லாம் உணவாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பனித்துளிக்குக் கிளிசரின் தெளிப்பதும், ஐஸ்கிரீமுக்குப் பதில் மசித்த உருளைக்கிழங்கு வைப்பதும் ஊரறிந்த உத்திகள். 1960-களின் கடைசியில் அமெரிக்காவின் கேம்ப்பெல் சூப் விளம்பரத்தில், காய்கறித் துண்டுகள் மேலே தெரிவதற்காகக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டிருந்தார்கள். அந்நாட்டு வர்த்தக ஆணையம் வரை போன விவகாரம் அது. அப்படி ஒரு படத்தைப் பார்த்து வரைபவர் சூப்பையா கற்றுக்கொள்கிறார்? உணவு மேசையில் இருக்க வேண்டும். நறுக்கிய ஆப்பிள் கண் முன்னால் பழுப்பாக வேண்டும், வெண்ணெய் இளக வேண்டும், ஆறிய சூப்பில் ஆடை படிய வேண்டும். அந்த மாற்றத்தைப் பார்த்தவருக்குத்தான் புதிதாகப் பரிமாறிய தட்டு எப்படி இருக்கும் என்று தெரியும்.

ரொட்டித் துகள் பிரஷ், எள் பிரஷ், தண்ணீர்த்துளி பிரஷ் என்று விற்பவற்றை முதல் சில வாரங்களுக்கு ஒதுக்கிவைத்தால் போதும். தொழிலில் நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன். ஆனால் டெக்ஸ்ச்சர், அதாவது மேற்பரப்பின் நுணுக்கம், கடைசி வேலை.

உணவு சின்ன விஷயம், வணிகப் படம், கலைப் பாடத்தில் அதற்கு என்ன இடம் என்று கேட்பவர்களும் உங்களில் இருக்கலாம். பொம்பெய் நகரத்துச் சுவர்களில் கண்ணாடிக் கிண்ணம் நிறையப் பழம் வரைந்திருக்கிறார்கள். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரம் அது. 17-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் ஹார்லெமில் பீட்டர் கிளாஸும் வில்லெம் ஹெடாவும் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சாப்பாட்டு மேசைகளை வரைவதில் செலவிட்டார்கள். 1963-இல் அமெரிக்க ஓவியர் வேய்ன் தீபோ தீட்டிய கேக்குகள் இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கின்றன. அந்தக் கேக்குகளின் நிழல்களில் நீலமும், விளிம்புகளில் எதிர்பாராத நிறங்களும் உண்டு. கெட்டியாகப் பூசிய எண்ணெய் வண்ணத்தையே கிரீம் பூச்சுபோல் இழுத்திருக்கிறார். அவரைச் சின்ன விஷயம் வரைந்தவர் என்று எந்த வகுப்பிலும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான் கேட்பது பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. உருண்டைப் பாடத்துக்கு அடுத்து நான்கு வகுப்புகள் போதும். முதலில் ஒரு திராட்சை, உள்ளொளிக்காக. அடுத்து நறுக்கிய பழம், ஈரமும் தோலும் சந்திக்கும் விளிம்புக்காக. மூன்றாவது ரொட்டி, பழுப்புக்காக. நான்காவது பொரித்த முட்டை. எல்லாம் நேரில் பார்த்து, வண்ணத்திலேயே தொடங்கி, ஒரே லேயரில், சாதாரண உருண்டைப் பிரஷ்ஷில். போட்டோஷாப்போ கிரிட்டாவோ புரோகிரியேட்டோ, எதுவானாலும் சரி. கிரிட்டா இலவசம் என்பதால் மென்பொருள் வாங்க முடியாதவரும் இதில் விடுபட மாட்டார்.

மதிப்பெண் போடும்போது நேர்த்தியைப் பார்க்காதீர்கள். அந்தப் படம் எதைப் பற்றியது என்று தெரியாத ஒருவரிடம் அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் வெட்டிக் காட்டுங்கள். இது ஈரமா காய்ந்ததா, மெலிந்ததா தடித்ததா, சூடு பட்டதா படாததா என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள், கோடு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உணவுப் படங்கள் வரையும் ஓர் ஓவியர்