ஸ்டைல் ஃபைலும் வாட்ஸ்அப் குரூப்பும்

திருப்பூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள பாலு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஷிப்மென்ட் போகட்டும், நிதானமாக உட்கார்ந்து எழுதலாம் என்று வைத்திருந்தேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் முதலில் கேட்டது பேப்பரைத்தான். மலர் நர்சிங் படிக்கப் போகிறேன் என்கிறாள். படிக்கட்டும், எனக்கும் சந்தோஷம்தான்.

உன் ஆபீசில் வேலை விஷயம் பேசப் புதுச் செயலி வந்து, பதினான்கு சேனலில், அதாவது தனித்தனி அரட்டை அறைகளில், உன்னைச் சேர்த்துவிட்டார்கள், காலையில் திறந்தாலே தலை சுற்றுகிறது என்று எழுதியிருந்தாய். "உங்க ஊர்ல வாட்ஸ்அப்லயே கோடிக்கணக்குல வியாபாரம் நடக்குதே, எங்களுக்கு மட்டும் எதுக்கு இதெல்லாம்?" என்றும் கேட்டிருந்தாய். நடக்கிறது, உண்மைதான். ஆனால் போன வருஷம் ஆடி மாதம் எங்கள் கம்பெனியில் நடந்ததைச் சொன்னால்தான் உனக்கு முழுப் பதில் சொன்னதாக இருக்கும்.

ஒரே பையருக்கு, அதாவது எங்கள் சரக்கை வாங்குகிறவருக்கு, இரண்டு ஸ்டைல், இரண்டு உடை மாடல், ஓடிக்கொண்டிருந்தன. இரண்டுமே பச்சை. ஒன்று பாசிப்பச்சை, மற்றது அதிலேயே கொஞ்சம் சாம்பல் கலந்தது. சாயப்பட்டறை லேபில் ஒவ்வொன்றுக்கும் ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப், அதாவது சின்னத் துணித்துண்டில் மாதிரிச் சாயம், போட்டு, கூரியரில் பையருக்கு அனுப்பியிருந்தோம். அங்கே லைட் பாக்ஸில், பகல் வெளிச்சத்துக்கு ஈடான விளக்கின் கீழே வைத்துப் பார்த்துத்தான் ஓகே சொல்வார்கள். சொன்னார்கள். குரூப்பில் ஒரே வரி: "பி ஓகே, கோ அஹெட்." எந்த ஸ்டைலுக்கு என்று இல்லை. அதற்கு முந்தைய மெசேஜ் பட்டனைப் பற்றியது. அதற்கு முந்தையது யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து.

எங்கள் ஆட்கள் இரண்டு ஸ்டைலுக்கும் பி-தான் என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது முதல் ஸ்டைலுக்கு மட்டும். இரண்டாவதற்கு சி வேண்டும் என்று மறுநாள் சாயங்காலம் தனியாக ஒரு மெயில் வந்தது. அதற்குள் 640 கிலோ துணி பி-யில் சாயமேறி மெஷினை விட்டு இறங்கிவிட்டது.

நான் பட்டறைக்கு ஓடினேன். டையிங் மாஸ்டர் ஈரத்துணியின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்து, சி துண்டோடு சேர்த்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். ஒன்றும் பேசாமல் இரண்டையும் என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் மேல் எள்ளளவும் தப்பில்லை. எங்களிடமிருந்து வந்த தகவல்படிதான் அவர் சாயம் போட்டார்.

அந்த லாட்டைக் கறுப்பாக்கி வேறு ஆர்டருக்குத் திருப்பினோம். புதிதாக நூல் வாங்கி, நிட்டிங் போட்டு, சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த ஆர்டரில் ஒரு பைசா மிஞ்சவில்லை. பணம் போனது கூடப் பரவாயில்லை. சாயத் தண்ணீரால் நம் நொய்யல் ஆறு என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். 2011இல் ஹைகோர்ட் உத்தரவில் பட்டறைகளை மூடிய நாட்களை இந்த ஊர் மறக்காது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சொட்டுச் சாயத் தண்ணீரையும் சுத்திகரித்துத் திரும்ப எடுக்க அவ்வளவு பாடுபடுகிறோம். ஒரு வரி தெளிவில்லாததால் ஒரே துணிக்கு இரண்டு தடவை சாயம் என்பது என் மனதை ரொம்ப உறுத்தியது.

அன்றிரவு எனக்கு நம்முடைய பழைய ஸ்டைல் ஃபைல் ஞாபகம் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் ஓர் அட்டை ஃபைல் உண்டு. ஆர்டர் ஷீட், அளவுப் பட்டியல், பையர் அனுப்பிய ஃபேக்ஸ், ஓகே ஆன துணித்துண்டை ஸ்டேப்ளர் அடித்து அதன் கீழே தேதியும் கையெழுத்தும். ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் லீவு போட்டாலும், வேலையை விட்டே போனாலும், அடுத்து வருகிறவர் அந்த ஃபைலைத் திறந்தால் போதும். வாட்ஸ்அப் வந்ததும் அந்த ஃபைல் மெல்லக் காணாமல் போனது. யாரும் வேண்டுமென்று தூக்கிப் போடவில்லை. போனிலேயே எல்லாம் இருக்கிறதே என்று விட்டுவிட்டோம்.

என் மனதில் பட்டது இதுதான், பாலு. ஃபைல் என்பது வேலையைச் சுற்றிச் சேர்வது. குரூப் என்பது ஆட்களைச் சுற்றிச் சேர்வது. பத்துப் பேரை ஒரு குரூப்பில் போட்டால், அந்தப் பத்துப் பேருக்கும் பொதுவான அத்தனை விஷயமும் ஒரே வாய்க்காலில் ஓடும். பட்டனும் பச்சையும் பிறந்தநாளும் கலந்துதான் வரும். குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் அது சரி. ஆர்டருக்குச் சரிவராது.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், சேனல் சேனலாகப் பேசும் ஆபீஸ் செயலியான ஸ்லாக் பிறந்த கதையைப் படித்தேன். உனக்குத் தெரிந்திருக்கலாம். ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டின் கம்பெனி 'கிளிட்ச்' என்று ஓர் இணைய விளையாட்டை நடத்தி, ஓடாமல் 2012இல் மூடிவிட்டது. வேறு வேறு ஊர்களில் இருந்த அந்தக் குழு, 1988இல் பின்லாந்தில் உருவான பழைய ஐஆர்சி அரட்டையை வைத்துத்தான் பேசிக்கொண்டிருந்தது. பேசியதைச் சேமிக்கவும் தேடி எடுக்கவும் தங்களுக்கென்று சிலதைச் செய்து வைத்திருந்தார்கள். விளையாட்டு போனது, தங்களுக்கென்று செய்த அந்த வசதி மட்டும் நிலைத்தது. 2013இல் ஸ்லாக் என்று வெளியே வந்து, 2021இல் 2,700 கோடி டாலருக்கும் மேல் கைமாறியது. அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளை விரித்தால் 'எல்லா உரையாடலும் அறிவும் அடங்கிய, தேடி எடுக்கக்கூடிய பதிவேடு' என்று வரும். படித்ததும் எனக்கு நம் அட்டை ஃபைல்தான் கண்முன் வந்தது.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். முதலாளியிடம் பேசி, சேனல் வசதியுள்ள ஒரு செயலிக்கு மாறினோம். ஒரு ஸ்டைலுக்கு ஒரு சேனல், பெயர் ஸ்டைல் நம்பர்தான். ஷிப்மென்ட் போய்ப் பணம் வந்ததும் சேனலை மூடிவிடுவோம். மூடினாலும் தேடலாம். கலரைப் போட்டோவில் பார்த்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. துணித்துண்டு கைக்கு வந்து, அதன் நம்பரைச் சேனலில் எழுதிய பிறகுதான் பட்டறைக்குச் சொல்வோம். பையர் இப்போதும் வாட்ஸ்அப்பில்தான் எழுதுகிறார், அவரை மாற்ற முடியாது. அதனால் அவர் சொன்னதை உடனே ஒருவர் சேனலில் ஸ்டைல் நம்பரோடு எழுதி, "இப்படித்தான் புரிந்துகொண்டோம், சரியா?" என்று அவருக்கே திருப்பி அனுப்புகிறோம்.

கஷ்டமாக இருந்தது எங்கள் கட்டிங் மாஸ்டர் விஷயத்தில்தான். முப்பது வருஷ அனுபவம், கையில் துணியைத் தொட்டாலே ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று, சொல்வார். ஆனால் டைப் அடிக்க வராது, வாய்ஸ் மெசேஜ்தான் போடுவார். சில பேர் அவரைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சாம்பிள் செக்ஷனில் இருக்கும் ஒரு பெண் அவர் பேசியதைக் கேட்டு, சாரத்தை ஒரு வரியில் தமிழில் எழுதிவிடுகிறாள். இப்போது அவரே, "அம்மணி, நான் சொன்னதை எழுதிட்டயா?" என்று கேட்கிறார். உங்கள் ஆபீசிலும் டைப் அடிக்கத் தயங்குகிறவர்கள் இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டால் பாதி அனுபவம் பதிவுக்கு வராமலே போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியதே, அப்போது தையல் மெஷின்கள் ஓடும் எங்கள் பவர் டேபிள் ஆட்களில் பலர் மூட்டை கட்டிவிட்டார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்தது. எத்தனை பேர் ஹோலிக்குப் போகிறார்கள், எத்தனை பேர் பயந்து போகிறார்கள் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. காரணம், அவர்களோடு பேச எங்களிடம் ஒரு வழியும் இல்லை. கான்ட்ராக்டரின் குரூப்பில் அவர்கள் இருந்தார்கள், நாங்கள் இல்லை. வீடியோ அவர்கள் கைக்கு ஒரு நொடியில் வந்தது. "பயப்படாதே, நாங்கள் இருக்கிறோம்" என்று நாங்கள் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. அதுவும் இந்தி தெரிந்த சூப்பர்வைசர் ரூம் ரூமாகப் போய்ச் சொன்னது. இப்போது சம்பளம், லீவு, பஸ் நேரம் எல்லாம் இந்தியிலும் ஒடியாவிலும் அவர்களுக்கு நேராகப் போகிறது. அன்றே இது இருந்திருக்க வேண்டும்.

ராத்திரி மெசேஜால் தூக்கம் போகிறது என்று எழுதியிருந்தாயே, அதுதான் எனக்கு ரொம்பக் கவலை. பிரான்ஸில் 2017 ஜனவரியிலிருந்து, 50 பேருக்குக் குறையாத கம்பெனிகள் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றித் தொழிலாளர்களோடு பேசியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் சட்டமே வந்தது. நம் மக்களவையிலும் 2018இல் சுப்ரியா சுலே ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. இங்கே அமெரிக்க பையருக்குப் பொழுது விடியும்போது நமக்குச் சாயங்காலம். ஆகவே முழுசாக மூட முடியாது. இரவு எட்டு மணிக்கு மேல் முறை வைத்து ஒருவர் மட்டும் பார்ப்பார், அவருக்கு மறுநாள் காலை இரண்டு மணி நேரம் தள்ளி வேலை. உண்மையிலேயே அவசரம் என்றால் போன் அடிக்க வேண்டும். நீ இப்போது மேனேஜர். முதலில் நீ ராத்திரியில் எழுதுவதை நிறுத்து, பாலு. தோன்றியதை எழுதி, காலை ஒன்பது மணிக்குப் போகும்படி வைத்துவிடு. உன் டீமில் இருக்கும் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குவார்கள். அந்தப் பதினான்கு சேனலில் எவை வேலையைச் சுற்றி அமைந்தவை, எவை வெறுமனே ஆட்களைச் சேர்த்து வைத்தவை என்று ஒருநாள் உட்கார்ந்து பிரித்துப் பார். பாதியை மூடிவிடலாம் என்று நினைக்கிறேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் அனுப்பக் காரணம் உண்டு. கவருக்குள் இரண்டு துணித்துண்டுகள் இருக்கின்றன. ஒன்று பி, ஒன்று சி. முதலில் இரண்டையும் போனில் படம் எடுத்துப் பார். அப்புறம் காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் சேர்த்து வைத்துப் பார். பார்த்த பிறகு பத்திரமாக எனக்கே திருப்பி அனுப்பு, அவற்றை ஃபைலில் வைக்க வேண்டும்.

வசந்திக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்
செல்வராஜ்