பாய்மரப் படகுச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. கோரம் சேராத மாதங்களில் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. படகுத்துறையில் உளுத்துப்போன பலகைகளை மாற்றினோம். ஆப்டிமிஸ்ட் எனும் சிறுவர்களுக்கான சிறு படகுகளில் பயிற்சி நல்லபடியாக நடந்தது. பந்தய விதிகளின் 2025–2028 பதிப்பு அலுவலக மேசையில் இருக்கிறது. எடுத்துப் படிப்பவர்கள் அங்கேயே திரும்ப வைக்கவும். பல வகைப் படகுகள் சேர்ந்து ஓடும் கலப்புப் பந்தயங்களின் முடிவுகள் பற்றி வந்த புகாருக்கும் பதில் சொல்லியாகிவிட்டது. ஓடி முடித்த நேரத்தை 1000-ஆல் பெருக்கி, அந்தப் படகு வகையின் வேகத்தைப் பொறுத்துத் தரப்படும் போர்ட்ஸ்மவுத் எண்ணால் வகுத்தால் திருத்திய நேரம் கிடைக்கும். கரைக்கு முதலில் வந்த படகு பட்டியலில் பின்னால் போவது இந்தக் கணக்கினால்தான். யாரும் யாருக்கும் சலுகை காட்டவில்லை.

இனி, பலத்த காற்றில் நடந்த அந்தப் பந்தய நாளுக்கு வருகிறேன். மூன்றாவது பந்தயத்தைப் பாதியில் நிறுத்தியதைப் பற்றி இன்றுவரை பேச்சு ஓயவில்லை. நிறுத்தியவன் நான் என்பதால், நடந்ததை முழுமையாகப் பதிவு செய்வது என் கடமை.

காலையில் காற்று 11-லிருந்து 16 நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்) வரை, அதாவது காற்றின் வலிமையைக் குறிக்கும் பொஃபோர்ட் அளவில் 4. பந்தயத்துக்கு இதைவிட நல்ல காற்று கிடைக்காது. தொடக்கத்துக்கு 5 நிமிடம் இருக்கும்போது எச்சரிக்கைக் கொடி, 4 நிமிடம் இருக்கும்போது தயார்நிலைக்கான P கொடி, 1 நிமிடம் இருக்கும்போது அதை இறக்குதல், பிறகு தொடக்கம் என்று, அடியில் கனமான கீல் உள்ள கீல்போட்டுகள் முதலில் கிளம்பின, அடுத்து டிங்கிகள் எனும் கீல் இல்லாத சிறு படகுகள். முதல் பந்தயம் அருமையாக இருந்தது. கரையிலேயே மெயின் பாயைச் சுருக்கிக் கட்டிக்கொண்டு போன கீல்போட், முழுப் பாயோடு போனவர்களை எதிர்காற்றுப் பாதையில் முந்தியது. சாய்ந்து சாய்ந்து சுக்கானோடு மல்லுக்கட்டிய படகுகளுக்கு வேகம் வரவில்லை. நிமிர்ந்து ஓடிய படகுக்கு வந்தது. புதியவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மதியத்துக்கு மேல் காற்று 20 நாட்டைத் தொட்டது. ஏரி முழுக்க வெள்ளை நுரை. ஏரிக்காற்று கடற்காற்று மாதிரி ஒரே சீராக அடிக்காது. கரை மரங்களைச் சுற்றி வந்து, நீர்ப்பரப்பில் கறுப்புத் திட்டாகத் தெரிந்து, திசை மாறி அறையும். கீல்போட்டுக்கு அந்தக் கீலின் எடை இருக்கிறது, சாய்ந்தாலும் எழுந்துகொள்ளும். டிங்கிக்கு அதில் உட்கார்ந்திருப்பவரின் உடம்புதான் எடை. காற்றின் வேகம் 10 நாட்டிலிருந்து 20 ஆனால் பாயின் மேல் விழும் விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. "இது ஒரு காற்றா?" என்று கீல்போட்டில் இருந்தபடி கேட்டவர்கள், அதே நேரத்தில் 59 கிலோ எடையே உள்ள லேசர் வகை டிங்கியில் ஒண்டியாகத் தொங்கிக்கொண்டிருந்தவரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது பந்தயத்தில், ஜைப் செய்து, அதாவது பின்காற்றில் பாயை மறுபக்கம் மாற்றி, திரும்ப வேண்டிய மிதவையருகே அடுத்தடுத்து டிங்கிகள் கவிழ்ந்தன. அதில் இருவர் ஓட்டும் படகு ஒன்று முழுக்கத் தலைகீழாகி, பாய்மர உச்சி அடிச்சேற்றில் குத்தி நின்றுவிட்டது. படகின் அடியில் நீட்டியிருக்கும் சென்டர்போர்டு பலகையின் மேல் ஏறி நின்று இழுத்தாலும் அசையவில்லை. எங்கள் மீட்புப் படகு அங்கே போனது. அதில் இருந்தவர் ஒரே ஒருவர். மீட்புப் படகுக்கு இருவர் வேண்டும் என்பது ஏட்டில் எழுதி வைப்பதற்காக அல்ல. ஒருவர் படகை ஓட்ட வேண்டும், இன்னொருவர் தண்ணீரில் இருப்பவரைப் பிடிக்க வேண்டும். ஆள் அருகில் வந்ததும் புரொப்பல்லருக்குப் பயந்து இன்ஜினை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் காற்று படகைத் தள்ளிக்கொண்டு போகும். மறுபடி சுற்றி வர வேண்டும். மூன்று முறை சுற்றி வந்த பிறகுதான் இருவரையும் ஏற்ற முடிந்தது. படகைப் பிறகு நிமிர்த்தியபோது பாய் உச்சியில் ஒரு முழத்துக்குக் கறுப்புச் சேறு அப்பியிருந்தது. இதற்குள் ஏரியின் மறுமுனையில் இன்னொரு டிங்கி கவிழ்ந்தது. அங்கே அனுப்ப எங்களிடம் வேறு படகும் இல்லை, ஆளும் இல்லை. முன்னணியில் இருந்த ஒரு கீல்போட் தன் பந்தயத்தை விட்டுவிட்டுப் போய் அவர்களுக்குத் துணையாக நின்றது.

அப்போதுதான் பந்தயத்தைக் கைவிடும் கொடியை ஏற்றி மூன்று முறை ஒலி எழுப்பினேன். அன்று அட்டவணையில் இருந்த பந்தயங்கள் அத்தோடு முடிந்தன. போட்டியிடுவதா வேண்டாமா என்பது அந்தந்தப் படகின் பொறுப்பு என்று விதி சொல்வது உண்மைதான். ஆனால் பாதுகாப்புக் கருதிப் பந்தயத்தைக் கைவிட விதி 32 இடம் தருகிறது. ஆபத்தில் இருப்பவருக்கு இயன்ற உதவியெல்லாம் செய்ய வேண்டும் என்பது விதி 1.1. அதன்படி உதவப் போன கீல்போட்டுக்குத் பந்தயத் தொடரின் கணக்கில் சராசரிப் புள்ளி வழங்கியதையும் சிலர் ஆட்சேபித்தார்கள். கைவிட்ட பந்தயத்துக்குப் புள்ளி ஏது என்ற கேள்வி நியாயமானது. அந்தப் புள்ளி அதற்கானதல்ல; நனைந்தவர்களைக் கரை சேர்த்துக்கொண்டிருந்ததால் அந்தக் கீல்போட் குழுவால் கலந்துகொள்ள முடியாமல் போன மாலைக் குறும்பந்தயத்துக்கானது. கரையோரத்தில் ஆப்டிமிஸ்ட் சிறுவர்களோடு அதை நடத்தலாமே என்று கேட்டவர்களின் வற்புறுத்தலால், காற்று தணிந்த பிறகு தனி அறிவிப்புக் கொடுத்துத்தான் அது நடந்தது.

அன்று மீட்புப் படகில் ஏன் ஒருவர் மட்டும் இருந்தார்? பணிப்பட்டியலில் பெயர் இருந்தவர்களில் பெரும்பாலானோர் வரவில்லை. ஒருவர் முதல்நாள் இரவு செய்தி அனுப்பினார். மற்றவர்கள் அதுவும் இல்லை. ஒருவர் வந்தார், ஆனால் டூட்டிக்கு அல்ல, தன் படகை இறக்கிப் போட்டியிட. பந்தய அதிகாரியாக இருக்க வேண்டியவர் வராததால்தான் நான் அந்த மேடையில் நின்றேன். பெயர்களை இங்கே சொல்லப் போவதில்லை, பதிவேட்டில் இருக்கின்றன.

இரண்டாவது மீட்புப் படகைப் பற்றி நான் மூன்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ரப்பர் படகு நம்மிடமே இருக்கிறது. அதன் அவுட்போர்டு இன்ஜினை சர்வீஸ் செய்ய வேண்டும், ஓட்டுபவர் தவறி விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கில் கார்டு கயிற்றை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அதோடு, பந்தயத்தில் கலந்துகொள்ளும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டு நாள் டூட்டி பார்க்க வேண்டும் என்ற திட்டத்தையும் எழுதிக் கொடுத்தேன். திட்டத்தை எல்லோரும் பாராட்டினார்கள். இன்ஜின் இன்னும் ஷெட்டில் தார்ப்பாய்க்குள் இருக்கிறது. காரணம் சந்தா பாக்கி. கணிசமான உறுப்பினர்கள் இந்த ஆண்டுச் சந்தாவைக் கட்டவில்லை; சிலர் போன ஆண்டுடையதையும் சேர்த்துத்தான். அவர்களுடைய படகுகள் மட்டும் நம் கரையில் பத்திரமாக நிற்கின்றன.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. விவரத்தைப் பொருளாளர் வைப்பார்.

பயிற்சியாளர்களுக்கும், படகுத்துறைப் பணியாளர்களுக்கும், கோப்பைகளை வழங்கியவர்களுக்கும் நன்றி. அன்று தனி ஆளாக மீட்புப் படகை ஓட்டிய இளைஞருக்கும், போட்டியை விட்டு உதவப் போன கீல்போட் குழுவினருக்கும் என் தனிப்பட்ட நன்றி.

அடுத்த ஆண்டும் நான் தொடர வேண்டும் என்று தலைவர் கேட்டிருக்கிறார். விருப்பம் இருக்கிறது. ஆனால் இரண்டு மீட்புப் படகுகளும், ஒவ்வொன்றிலும் இருவரும் இல்லாமல் பந்தயம் தொடங்குவதற்கு இனி நான் கையெழுத்திட மாட்டேன். அப்படியானால் அட்டவணையில் பாதி நாட்கள் குறையலாம். குறையாமல் இருப்பது உறுப்பினர்கள் கையில் இருக்கிறது. டூட்டிப் பதிவேடும் சந்தா ரசீதுப் புத்தகமும் வாசலருகே மேசையில் இருக்கின்றன. கூட்டம் முடியும்வரை நான் அங்கேதான் இருப்பேன்.

செயலாளர்